எடை கூடியவர்களுக்கான ரோடு சைக்கிள்: பின்சக்கரத்தில் தொடங்குங்கள்

முட்டுக்காடு பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், விடிகாலை ஐந்தே முக்கால் மணிக்கு, என் முதல் ரோடு சைக்கிளின் பின்சக்கரத்தில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கல் ஏதோ தெறித்திருக்கும் என்று நினைத்தேன். பத்தடி போவதற்குள் சக்கரத்தின் வெளிவளையமான ரிம், பிரேக் கட்டையில் உரசத் தொடங்கிவிட்டது. இறங்கிப் பார்த்தால் ஒரு கம்பி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை ஒட்டி வளையும் இடத்தில் முறிந்து தொங்குகிறது. வண்டி வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. என் எடை 104 கிலோ. மூன்று வாரம் கழித்து இன்னொரு கம்பி போனது. அதன்பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

விற்ற கடையில் “எடையைக் குறையுங்கள் சார்” என்றார்கள். குறைப்பதற்குத்தான் சைக்கிளே வாங்கினேன்.

மெல்லிய டயரும் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாருமாக ஒரு வண்டி வாங்கும் ஆசை இருந்து, தாங்குமா என்ற தயக்கமும் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இரண்டாவது வண்டி வாங்கியபோது போன வழி இதுதான்.

முதல் படி: எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுங்கள்

உங்கள் எடை மட்டும் போதாது. உடை, காலணி, ஹெல்மெட், இரண்டு தண்ணீர் பாட்டில்கள், பூட்டு, பம்ப், சைக்கிள் எல்லாம் கணக்கில் வரும். என் விஷயத்தில் நான் 104, வண்டி 11, மற்றவை 5. ஆக 120 கிலோ.

இனி வண்டியின் கையேட்டைப் பிரியுங்கள். அதில் எடை வரம்பு இருக்கும். பல ரோடு சைக்கிள்களுக்கு அது 110 முதல் 125 கிலோவுக்குள் இருக்கிறது. ஓட்டுநரின் எடையை மட்டும் சொல்கிறார்களா, வண்டியையும் சுமையையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கவனித்துப் படியுங்கள். சிலர் அப்படியும் சிலர் இப்படியும் எழுதுகிறார்கள். சக்கரத்துக்குத் தனி வரம்பு இருப்பதும் உண்டு, அதையும் கேளுங்கள். வரம்பை உரசிக்கொண்டு நிற்காமல் பத்துப் பதினைந்து கிலோ இடைவெளி விடுவது நல்லது. என் முதல் வண்டிக்கு மொத்தமாகவே 110 என்று அச்சடித்திருந்தார்கள். நான் அந்தக் கையேட்டை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

மொத்தம் 130 கிலோவைத் தாண்டினால் ரோடு சைக்கிளைவிட, சுமையேற்றி நெடுந்தூரம் போவதற்கென்றே செய்யப்படும் டூரிங் சைக்கிளைப் பாருங்கள். வளைந்த ஹேண்டில்பார் அதிலும் உண்டு.

இரண்டாம் படி: பின்சக்கரம்

கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் பிரேமைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள். நீங்கள் பின்சக்கரத்தின் அருகே குந்தி உட்காருங்கள். மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் அதன் மேல்தான் இறங்குகிறது. கனமானவர்களின் வண்டியில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் பின்சக்கரம்தான். பிரேம் முறிவது அபூர்வம்.

கம்பிகளை எண்ணுங்கள். எங்கள் தெருவில் பால் ஊற்றியவரின் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன்கள் தொங்கும், மேலே அவர் இருப்பார். அந்தப் பழைய 28 அங்குல வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. என் முதல் ரோடு சைக்கிளில் முன்னால் 20, பின்னால் 24. அழகாகத்தான் இருந்தது. 100 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்குப் பின்னால் 32 கம்பி வேண்டும். 36 கிடைத்தால் விடாதீர்கள்.

எண்ணிக்கைக்குச் சமமான முக்கியம் இறுக்கத்துக்கும் உண்டு. சக்கரம் உருளும்போது தரையை நோக்கி இறங்கும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் சற்றுத் தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 470 முறை சுற்றும். 50 கிலோமீட்டர் போய் வந்தால் இருபத்து மூவாயிரம் முறைக்கு மேல். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் எப்படி ஒடியுமோ அப்படித்தான் இதுவும் ஒடிகிறது. தொடக்கத்திலேயே கம்பி தளர்வாக இருந்தால் இந்த ஆட்டம் இன்னும் மோசமாகும்.

இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பகுதியில் நாற்பது வருடமாகச் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவர். என் சக்கரத்தின் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அழுத்தினார். சில ஜோடிகள் விறைப்பாக நின்றன, சில கொடிக்கயிறு போலத் தொய்ந்தன. பிறகு நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டினார். ஒன்று கணீரென்றது, பக்கத்துக் கம்பி பொத்தென்றது. “சுருதி சேரவில்லை பாருங்கள்” என்றார். நீங்களும் கடையில் இதைச் செய்யலாம். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பின்சக்கரத்தில் கியர் இருக்கும் வலது பக்கம் இறுக்கமாகவும் இடது பக்கம் அதைவிடத் தளர்வாகவும் இருப்பது இயல்பு. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

பிடித்த வண்டியில் சக்கரம் மட்டும் சரியில்லையா? மலிவான மாடலை வாங்கி, மிச்சமாகும் பணத்தில் 32 கம்பிப் பின்சக்கரம் ஒன்றைக் கையால் கோர்த்துத் தரச் சொல்லுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அதை ரிம்மோடு பிணைக்கும் சிறு நட்டான நிப்பிள் பித்தளையில் என்று கேட்டு வாங்குங்கள். அலுமினிய நிப்பிள் எடையில் சில கிராம் குறைவு. நமக்கு அந்தக் கிராம்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: அச்சு

பல்சக்கரங்கள் ஹப்போடு சேர்வதில் இரண்டு வகை. ஃப்ரீவீல் என்றால் மொத்தக் கொத்தும் ஹப்பின் மேல் மரையில் திருகப்பட்டிருக்கும். வலது பக்கத்துப் பால்ரஸ் குண்டுகள் உள்ளே தள்ளி இருப்பதால், அச்சின் நீளமான துண்டு தாங்கல் இல்லாமல் நிற்கும். கனமானவர்கள் பள்ளத்தில் இறக்கினால் அந்த இடத்தில் அச்சு வளையும், சில வேளை முறியும். கேசட் வகையில் பல்சக்கரங்கள் ஹப்போடு சேர்ந்த உருளையின் மேல் செருகப்பட்டிருக்கும், தாங்கலும் வெளிப்புறம் வரை வருகிறது. நமக்குக் கேசட்தான் வேண்டும்.

கடைக்காரருக்கே சந்தேகம் என்றால், வெளிப்புறத்துச் சின்னப் பல்சக்கரத்துக்கு உள்ளே பல் பல்லாக வெட்டப்பட்ட வளையத்தைப் பாருங்கள். பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றும்போது அந்த வளையமும் கூடவே சுற்றினால் கேசட். அது நின்ற இடத்திலேயே நின்றால் ஃப்ரீவீல். 7 கியர் கொண்ட மலிவு வண்டிகளில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான் இருக்கும்.

நான்காம் படி: டயருக்கு இடம் இருக்கிறதா

டயரின் பக்கவாட்டில் 28-622 என்பது போல எழுதியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். பழைய பாணி ரோடு சைக்கிள்களில் 25 அல்லது 28-க்கு மேல் நுழையாது. 32 நுழையும் வண்டியாகப் பாருங்கள். டயர் அகலமானால் அதே எடையைக் குறைந்த காற்றழுத்தத்தில் தாங்கும், கம்பிகளுக்குப் போகும் அதிர்ச்சியும் குறையும்.

நான் 32 டயரில் பின்னால் 75, முன்னால் 65 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். அளவுமானி உள்ள பம்ப் கட்டாயம் வேண்டும். ட்யூபில் பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு கீறல் விழுந்து பஞ்சரானால் காற்று போதவில்லை என்று அர்த்தம். டயரில் அச்சிட்ட உச்ச அளவை மட்டும் தாண்டாதீர்கள்.

ஐந்தாம் படி: மற்றவை

பிரேமைப் பற்றி ஆளாளுக்கு ஒரு வேதம் ஓதுவார்கள். குரோமோலி எஃகும் நல்லதுதான், அலுமினியமும் நல்லதுதான், வரம்புக்குள் இருந்தால் கார்பனும் தாங்கும். ஒருவர் ஓட்டிக் கழித்த கார்பன் பிரேமை மட்டும் வாங்காதீர்கள், உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது. நெடுநேரம் ஓட்டுவதற்கான எண்டூரன்ஸ் வகை வண்டிகளில் ஹேண்டில்பார் சற்று உயரமாக இருக்கும். தாழ்வான வண்டியில் குனிந்தால் ஒவ்வொரு மிதிக்கும் தொடை தொப்பையில் இடிக்கும். இதை எந்த விளம்பரத்திலும் சொல்வதில்லை.

பிரேக் டிஸ்க்காக இருக்கட்டும். கியரில் முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 32 அல்லது 34 பல் வரை கேளுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது முட்டி நன்றி சொல்லும், இறங்கும்போது டிஸ்க்கின் அருமை தெரியும்.

சீட் மெத்தென்று இருந்தால் சொகுசு என்று நினைக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் மெத்தை அமுங்கி, உறுத்தல் வேறிடத்துக்குப் போய்விடும். அட்டைப்பெட்டித் துண்டின் மேல் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு எலும்புகளின் தடம் விழும். அந்தத் தடங்களுக்கு இடையிலான தூரத்தைவிட இரண்டு சென்டிமீட்டர் அகலமான, கெட்டியான சீட்டாக எடுங்கள். சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரட்டைத் தண்டு எஃகாக இருக்க வேண்டும். சீட்டைத் தாங்கும் குழாயில், குறைந்தது இதுவரை உள்ளே போக வேண்டும் என்று கீறியிருக்கும் கோடு பிரேமுக்கு வெளியே தெரியக்கூடாது.

ஆறாம் படி: வாங்கிய பிறகு

முதல் 200 கிலோமீட்டருக்குள் கம்பிகள் அதனதன் இடத்தில் அமர்ந்து சற்றுத் தளரும். அப்போது வண்டியைக் கொண்டுபோய்க் கோட்டம் எடுத்து, இறுக்கத்தைச் சமன்செய்யச் சொல்லுங்கள். பில் போடும்போதே இதைப் பேசி முடித்துவிடுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்கு முன் ஒரு சுற்று சுண்டிப் பார்க்கிறேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

வழியில் கம்பி முறிந்தால் அதைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, மெதுவாக வீடு வந்து சேரலாம். உதிரிக் கம்பிகளை வண்டி வாங்கும்போதே கேளுங்கள். பின்சக்கரத்தின் வலப்பக்கம், இடப்பக்கம், முன்சக்கரம் மூன்றுக்கும் நீளம் வேறாக இருக்கலாம். வகைக்கு இரண்டு வாங்கி, செயினுக்கு எதிர்ப்பக்கத்துப் பின்குழாயில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். என் வண்டியில் அந்த ஆறும் ஒட்டியபடியே இருக்கின்றன, டேப்தான் இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது.