ஒடிசியஸ் வீட்டில் மாவு அரைத்தவள்: கிரேக்கக் கதையைப் பெண் வாயால் சொல்வது எப்படி

கிரேக்கக் கதைகளைப் பெண் பக்கம் நின்று எழுத நினைப்பவர்கள் நேரே டிராய் போருக்குக் காரணம் என்று சொல்லப்படும் ஹெலனிடம் போவார்கள், இல்லையென்றால் ஒடிசியஸின் மனைவி பெனலபியிடம். மதுரையில் என்னிடம் எழுதப் பழக வரும் பெண்களுக்கு நான் கொடுப்பது வேறொருத்தியை. டிராய் போருக்குப் போன ராஜா ஒடிசியஸ் 20 வருஷம் கழித்து வீடு திரும்புவதைச் சொல்லும் ஹோமரின் காவியம் ஒடிசி, அதன் 20ஆம் பகுதியில் வருகிறாள். பெயர்கூடக் கிடையாது.

ஒடிசியஸ் வீட்டில் 12 பெண்கள் மாவு அரைப்பவர்கள். 11 பேர் முடித்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள். இருப்பதிலேயே தெம்பில்லாத இவள் மட்டும் விடிகிற நேரத்திலும் அரைத்துக்கொண்டிருக்கிறாள். மேகமே இல்லாத வானத்தில் இடி. கல்லை நிறுத்திவிட்டு, பெனலபியைக் கட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு இன்றைய விருந்தே கடைசியாகட்டும், இவர்களுக்கு அரைத்தே என் முட்டி விட்டுப்போச்சு என்று இடியின் கடவுள் ஸீயஸிடம் வேண்டுகிறாள். பிச்சைக்காரன் வேஷத்தில் தன் வீட்டுக்கே வந்திருக்கும் ஒடிசியஸ் காதில் அது விழுகிறது. நல்ல சகுனம் என்று மகிழ்கிறான். அவ்வளவுதான், அவளை விட்டுவிட்டுக் காவியம் போய்விடுகிறது.

முதலில் அவள் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். திருகை சுற்றினாள் என்று எழுதிவிடாதீர்கள், மேற்கல் சுழலும் திருகை அங்கே வந்தது பிற்காலத்தில். மண்டி போட்டு, ஒரு கல்லின்மேல் இன்னொரு கல்லை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். உசிலம்பட்டியில் அம்மாச்சி வீட்டு அம்மியில் ஒரு ஆழாக்குக் கேப்பையை அப்படி அரைத்துப் பார்த்தேன். முதலில் வலித்தது தோள் இல்லை, உள்ளங்கையின் அடிப்பக்கம். அப்புறம் முட்டி. மாவு மூக்கில் ஏறி எச்சில்கூடப் பிசுபிசுத்தது. இதெல்லாம் கதைக்குள் வரட்டும். ஆனால் அவள் அரைப்பது பார்லியும் கோதுமையும், அதைக் கேப்பையாக்க வேண்டாம். பேச்சு மட்டும் நம் பேச்சாக இருக்கலாம்: ஸீயஸை அவள் 'சாமி' என்றே கூப்பிடட்டும்.

அடுத்து, அவளுக்குத் தெரியாதது. கேட்டுக்கொண்டிருப்பது யார் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அங்கே படுத்திருப்பவன் ஒரு பிச்சைக்காரன். கடைசிவரை இதைக் காப்பாற்றுங்கள், கதையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

நடந்ததை மாற்றாதீர்கள். அவள் வேண்டியபடியே அந்தக் கூட்டம் ஒடிசியஸ் கையால் அன்றே சாகிறது. ஆனால் வீட்டிலிருந்த 50 பணிப்பெண்களில், அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள் என்று 12 பேரைப் பிணங்களைத் தூக்க வைத்து, மேசை நாற்காலிகளைக் கடற்பஞ்சால் துடைக்க வைத்து, பிறகு ஒடிசியஸின் மகன் டெலமாகஸ் தூக்கில் போடுகிறான். அந்த 12 பேரும் இந்த 12 பேரும் ஒன்றென்று காவியம் சொல்லவில்லை, நீங்களும் சேர்க்க வேண்டாம். இவள் உயிரோடு நின்று பார்க்கட்டும். காலையில் வேண்டிய வாய் சாயங்காலம் என்ன சொல்லும்? அதை எழுதுங்கள், இரண்டு மூன்று பக்கம் போதும்.