நான்கு சக்கர இயக்கம் இருந்தும் சறுக்கிய கார்

பனிக்காலத்துக்கென்றே நான்கு சக்கர இயக்கம் கொண்ட காரைத் தேர்ந்தெடுத்திருந்ததால், டயரைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று எண்ணியிருந்தேன். முதல் பனிப்பொழிவின்போது வண்டி சிரமமின்றிக் கிளம்பியது. ஆனால், ஒரு சிறு இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இயங்கிப் பெடல் காலடியில் படபடவென்று அதிர, கார் நேராகச் சறுக்கிக்கொண்டே போய்ச் சாலையோரப் பனிக்குவியலில் முட்டி நின்றது. நல்லவேளையாக எதிரே எவரும் இல்லை.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வது வண்டி கிளம்பவும் மேடேறவும் உதவுமே தவிர, நிறுத்துவதற்கு உதவாது என்பது அப்போதுதான் உறைத்தது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு, பிடித்து நிறுத்துவது ரப்பர்தான். என் டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பிளாஸ்டிக்போல விறைத்திருந்தது. வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கிறது. குளிர்கால டயரின் கலவையோ மென்மை குன்றாதிருப்பதுடன், அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய வெட்டுகள் பனியைக் கவ்விக்கொள்கின்றன.

ஆகவே, மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனித்துகள் பொறித்த, குளிர்கால டயருக்கான முத்திரையுள்ள டயர்களை வாங்கினேன். முன்னிரண்டு போதும் என்ற யோசனையை ஏற்கவில்லை. அப்படிச் செய்தால் வளைவில் பின்புறம் வழுக்கி வண்டியே சுழன்றுவிடக்கூடும். குளிரில் காற்றழுத்தம் குறையுமாதலால் மாதமொருமுறை அதை அளக்கிறேன். டயரின் பள்ள ஆழம் 4 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் மாற்றிவிடுகிறேன். அதே இறக்கத்தில் இப்போது கார் நிற்கிறது, நான் மெதுவாக வந்தால்.