வலது கிளிக் மெனுவில் எதை வைப்பது, எதை விடுவது

இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்ட ஆபீஸ் ஒன்றுக்கு செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவேடு) பதியும் மென்பொருள் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிலாளியின் பெயர்மேல் வலது கிளிக் செய்தால் அந்த வரிக்குத் தேவையானது மட்டும் வரவேண்டும்: கொழுந்து நிறையைத் திருத்து, அரைப்பேர் (அரைநாள் வேலை) போடு, முற்பணம் பார். 'அமைப்புகள்' எல்லாம் அங்கே எதற்கு? அது மேல் மெனுவிலேயே இருக்கட்டும்.

அதிகம் தொடுவதை முதலில் வையுங்கள், கர்சருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் சீக்கிரம் கைக்கு வரும். 'நீக்கு' கடைசியில், கோடு போட்டுப் பிரித்து. வரிசையை அடிக்கடி மாற்றாதீர்கள், கை பழகிய இடத்தைத்தான் தேடும். சம்பளம் போட்டு மூடிய மாதத்தில் 'திருத்து' வேலை செய்யாதென்றால் அதை மறைக்காமல் மங்கலாகக் காட்டுங்கள். மெனுவுக்குள் மெனு வேண்டவே வேண்டாம், பழைய மவுஸ் வைத்திருப்பவருக்கு அது பெரும்பாடு.

அப்புறம், விண்டோஸில் ஷிஃப்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினாலும் அதே மெனு திறக்க வேண்டும், கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) டேப்லெட்டில் பதிபவருக்கு விரலை அழுத்திப் பிடித்தால் திறக்க வேண்டும். வலது கிளிக்கே செய்து பார்க்காதவர்களும் இருப்பார்கள், அதனால் அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் வெளியே கண்ணில் படும்படி இன்னொரு வழி கட்டாயம் வையுங்கள்.