லினக்ஸ் லாகில் எச்சரிக்கை குவிகிறதா? காரணமான ஆப்பைக் கண்டுபிடிப்பது இப்படி

டெஸ்க்டாப் அவ்வப்போது திணறுகிறது. லாகைத் (கணினி தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் பதிவேடு) திறந்தால் ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்து விழுகிறது. வரியின் தொடக்கத்தில் 'க்னோம்-ஷெல்' (க்னோம் டெஸ்க்டாப்பின் திரையை இயக்கும் புரோகிராம்) என்று இருப்பதைப் பார்த்ததும் ஷெல்லை அழித்து மறுபடி நிறுவக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே இருப்பது அந்த வரியை எழுதிய புரோகிராமின் பெயர். தவறு வேறொரு ஆப்புடையதாக இருக்கலாம். அதற்கான தடயம் செய்திக்குள்ளேயே கிடக்கும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: வடிகட்டுங்கள்

ஜர்னல்சிடிஎல் --பூட் --பிரையாரிட்டி=4

இப்போதைய பூட்டில், அதாவது கணினியைக் கடைசியாக இயக்கியதிலிருந்து, பதிவானவை மட்டும் வரும். முக்கியத்துவ எண்கள் 0 முதல் 7 வரை. 4 என்பது எச்சரிக்கை. 4 என்று கொடுத்தால் அதைவிடக் கடுமையான 0 முதல் 3 வரையிலானவையும் சேர்ந்தே வரும். பல ஆப்கள் பிழைச் செய்தியை நேராக டெர்மினலுக்கு எழுதுவதுபோல் எழுதிவிடும். அவை வழக்கமாக 6ஆம் நிலையில் பதிவாகும் என்பதால் இந்த வடிகட்டியில் சிக்காது. ஒன்றும் கிடைக்காவிட்டால் பிரையாரிட்டியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

படி 2: நேரலையில் பாருங்கள்

ஜர்னல்சிடிஎல் --ஃபாலோ

இதை ஒரு ஓரத்தில் ஓடவிட்டு, சந்தேகமான ஆப்பில் ஒவ்வொரு வேலையாகச் செய்யுங்கள். எந்தக் கிளிக்குக்கு எந்த வரி விழுகிறது என்று தெரிந்துவிடும். நிறுத்த கன்ட்ரோல்+சி.

படி 3: தடயத்தைப் படியுங்கள்

க்னோமில் அடிக்கடி வரும் ஒரு வரி:

பக்கி கிளையன்ட் சென்ட் எ _நெட்_ஆக்டிவ்_விண்டோ மெசேஜ் வித் எ டைம்ஸ்டாம்ப் ஆஃப் 0 ஃபார் 0எக்ஸ்3ஏ00006

ஏதோ ஒரு ஆப் தன் விண்டோவை முன்னே கொண்டுவரச் சொல்கிறது. ஆனால் பயனர் எப்போது கிளிக் செய்தார் என்ற நேரத்தைத் தராமல் 0 என்று அனுப்புகிறது. 0எக்ஸ் என்று தொடங்குவதுதான் விண்டோ எண். அந்த விண்டோ திறந்திருக்கும்போதே இதைத் தட்டுங்கள்:

எக்ஸ்பிராப் -ஐடி 0எக்ஸ்3ஏ00006

விடையில் 'டபிள்யூஎம்_கிளாஸ்' என்ற வரி ஆப்பின் பெயரைச் சொல்லும். '_நெட்_டபிள்யூஎம்_பிஐடி' அதன் புராசஸ் எண், அதாவது ஓடும் புரோகிராமுக்குக் கணினி தரும் எண். ஃபிளாட்பேக் (ஆப்பைத் தனித்து அடைத்து ஓட்டும் பொதி முறை) ஆப் என்றால் இந்த எண்ணை நம்ப வேண்டாம்: அது சாண்ட்பாக்ஸுக்குள், அதாவது அந்த அடைப்புக்குள், உள்ள எண், பெரும்பாலும் 2 போலச் சிறியதாக இருக்கும். அப்போது கிளாஸ் பெயரே போதும். திரையில் விண்டோக்களைக் காட்டும் முறைகள் இரண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலண்ட். வேலண்டில், எக்ஸ்11 ஆப்களை ஓட்ட உதவும் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடும் ஆப்களுக்கு மட்டுமே எக்ஸ்பிராப் பலிக்கும்.

செய்தியில் :1.87 போன்ற எண் இருந்தால் அது டி-பஸ் (ஆப்கள் தமக்குள் செய்தி அனுப்பும் வழி) முகவரி:

பஸ்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ் :1.87

புராசஸ் எண்ணும் பெயரும் வரும். ஆப்பை மூடித் திறந்தால் முகவரி மாறிவிடும், எனவே பழைய வரியை வைத்துத் தேடாதீர்கள். வெறும் புராசஸ் எண் மட்டும் கிடைத்தால்:

பிஎஸ் -எஃப் --பிஐடி 4312

ஆப் மூடப்பட்டபின் அதே எண் இன்னொரு புராசஸுக்குப் போயிருக்கக்கூடும். விடையில் வரும் புராசஸ் தொடங்கிய நேரத்தை லாக் வரியின் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

படி 4: உறுதிசெய்யுங்கள்

ஆப்பை முழுதாக மூடுங்கள். பின்னணியில் ஓடுவதையும் சேர்த்துத்தான். எச்சரிக்கை நின்றால், அதே ஆப்பை டெர்மினலிலிருந்து திறந்து, நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். நீட்சியில்லாமலும் வந்தால் ஆப்பிலேயே பிழை. ஆப்பின் பதிப்பு எண், எக்ஸ்11-ஆ வேலண்டா என்ற விவரம், முழு லாக் வரி, அதை வரவழைக்கும் கிளிக் ஆகிய நான்கையும் சேர்த்து அதை உருவாக்கியவர்களுக்கு அனுப்புங்கள்.