டேனிஷ் தேக்கு எழுதுமேசை: செப்பனிடும்போது செய்யக்கூடாதவை

1950களிலும் 60களிலும் டென்மார்க்கில் செய்த எழுதுமேசைகளைப் பழைய பொருள் சந்தையில் வாங்கி, வீட்டிலேயே செப்பனிடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நாங்கள் தொழில் கற்ற காலத்தில் செய்து வாங்கிக்கட்டிக்கொண்ட அதே காரியங்களை, வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். வெயிலில் போடாதே, ஈரத்துணியை மேலே வைக்காதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

இயந்திரம் வைத்துத் தேய்ப்பது

போன குளிர்காலத்தில் ஓர் இளைஞர் மேசையின் மேற்பலகையை மட்டும் கழற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். காபிக் கோப்பை வைத்த வளையம் ஒன்று அதில் இருந்ததாம். அதைப் போக்கக் கைத்தேய்ப்பு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறார். வளையம் போயிருந்தது; கூடவே தேக்கும் போயிருந்தது. வலது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய துகள் பலகை பல்லை இளித்தது. “தேக்குதானே, தாங்கும் என்று நினைத்தேன்” என்றார்.

தேக்கு தாங்கும். ஆனால் அங்கே இருந்த தேக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு. கதவு, நிலை, கட்டில் என்று முழுமரத் தேக்கையே பார்த்து வளர்ந்த நமக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரியலாம். அப்படியல்ல. டென்மார்க்கில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டுபோகும். அகலமான முழுமரப் பலகை சுருங்கி வளையும், சில சமயம் வெடிக்கும். அசையாத உட்பலகையின் மேல் வெனீர் என்னும் இந்த மெல்லிய மரத் தகட்டை ஒட்டினால் மேசை தட்டையாகவே நிற்கும். அதனால்தான் டேனிஷ் வடிவமைப்பாளர் ஆர்னே வோடர் சிபாஸ்ட் மரச்சாமான் நிறுவனத்துக்கு வடிவமைத்தவை உட்பட அக்கால மேசைகள் பலவற்றில் கால்களும் விளிம்புச் சட்டங்களும் கைப்பிடிகளும் முழுமரம், பரப்பு மட்டும் வெனீர்.

கண்டுபிடிப்பது எளிது. பலகையின் பக்கவாட்டு முனையைக் குனிந்து பாருங்கள். மேலே ஓடும் ரேகை அங்கேயும் தொடர்ந்தால் முழுமரம். தனிச் சட்டம் ஒன்று ஒட்டியிருந்தால் வெனீர். மேற்பரப்பில் ஒரே கோலம் சம அகலத்தில் திரும்பத் திரும்ப வந்தாலும் வெனீர்தான், ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தகடுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டியிருக்கிறார்கள்.

தொழிற்சாலையிலேயே ஒருமுறை தேய்த்த தகடு அது. உங்களுக்கு முன் மேசையை வைத்திருந்தவரும் தேய்த்திருக்கலாம். இயந்திரம் விளிம்பை எட்டும்போது கை சற்றே சாயும். முதலில் பிய்வது அங்கேதான். பிய்ந்தபின் சாயம் பூசி மறைப்பது ஒப்பேற்றல். சரியாகச் செய்ய வேண்டுமென்றால் மேற்பலகை முழுவதற்கும் புது வெனீர் ஒட்ட வேண்டும். அதன் நிறம் பல பத்தாண்டுகள் பழுத்த இழுப்பறை முகப்புகளோடு ஒத்துப்போகாது. கூலியோ, பெரும்பாலும் மேசை வாங்கிய விலையைத் தாண்டிவிடும். ஒரு காபி வளையத்துக்காக!

அந்த வளையத்துக்குத் தேய்ப்பே தேவைப்பட்டிருக்காது. வெள்ளை வளையம் என்றால் ஈரம் பூச்சுக்குள் நிற்கிறது. மிக மெல்லிய ஸ்டீல் வுல்லில் (எஃகு இழைப் பஞ்சு) எண்ணெய் தொட்டு, ரேகையின் போக்கில் மெதுவாகத் தடவினால் பெரும்பாலும் மறையும். கருப்பு வளையம் மரத்துக்குள் இறங்கிய இரும்புக் கறை. கையுறை போட்டுக்கொண்டு ஆக்சாலிக் அமிலக் கரைசலைப் பூசி, பிறகு நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். ஓக் மேசையில் மட்டும் ஸ்டீல் வுல் வேண்டாம். அதன் துணுக்குகள் ஈரம் பட்டதும் கருப்புப் புள்ளிகளாகும்.

பூச்சு எதுவென்று பாராமல் எண்ணெய் விடுவது

டேனிஷ் மேசை என்றாலே எண்ணெய்தான் என்று நம்புகிறார்கள். மரத்தின் மேல் படலமாக இறுகும் பூச்சான லாக்கர் அடித்து வந்தவையும் ஏராளம். லாக்கர் மேல் ஊற்றிய எண்ணெய் உள்ளே இறங்காது, பிசுபிசுவென்று தூசியைச் சேர்க்கும். மறைவான இடத்தில் பஞ்சில் தின்னர் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஒட்டும் பசையாக இளகினால் பெரும்பாலும் லாக்கர்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடுவது

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

இறுகிய இழுப்பறையை இழைப்பது

மழைக்காலத்தில் இழைத்துவிட்டுக் குளிர்காலத்தில் ஆடுகிறது என்பார்கள். ஓடும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். சிலிக்கோன் தெளிப்பான் வேண்டாம். பின்னாளில் அங்கே எந்தப் பூச்சும் ஒட்டாது.

முதுகில் ஓட்டை போடுவது

மின்கம்பி நுழைக்கத் துளைபோடும் பின்பலகைதான் பல மேசைகளின் இரண்டாவது முகம். இவை சுவரோரம் அல்ல, அறை நடுவில் நிற்பதற்காகச் செய்தவை. ஓமான் யூன் தொழிற்சாலையின் 75ஆம் எண் மேசையைப் பின்னாலிருந்து பாருங்கள். புத்தகத் தட்டு இருக்கும். கம்பியைக் கால் வழியாகக் கட்டி இறக்கினால் போதும்.

ரோஸ்வுட்டைக் காகிதமில்லாமல் வாங்குவது

இவ்வகை மேசைகள் சிலவற்றில் தேக்குக்குப் பதில் இருக்கும் பிரேசில் ரோஸ்வுட், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1992 முதல் இருக்கிறது. பழைய சாமான்தானே என்ற வாதம் எடுபடாது: ஐரோப்பிய ஒன்றியத்தில் பழம்பொருள் விலக்கு 1947 மார்ச்சுக்கு முந்தியவற்றுக்கு மட்டும். 1960களின் மேசையை விற்கவும் சான்றிதழ் வேண்டும், ஒன்றியத்துக்கு வெளியே அனுப்ப அனுமதியும் வேண்டும். விற்பவரிடம் பணம் கொடுக்கும் முன்பே சான்றிதழைக் கேளுங்கள்.