மாத்திரை இல்லை, டாக்டர் இல்லை: குமரி மாவட்டத்தில் பொறுப்பு யாருடையது என்று கண்டுபிடிக்கும் வழி

சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்துக்குப் பதில் பத்து நாளுக்குத்தான் கிடைத்தால், கோபம் முதலில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நிற்பவர் மேல்தான் விழும். பெரும்பாலும் தவறு அங்கே இல்லை. அரசு மருத்துவம் நலிந்ததற்குக் காரணம், யாரோ நிரப்பாமல் விட்ட பணியிடமும் யாரோ ஒதுக்காமல் விட்ட பணமும். அந்த ‘யாரோ’வைக் காகிதத்தில் பிடிக்கலாம்.

முதல் வேலை, ஆஸ்பத்திரி எந்த இயக்குநரகத்தின் கீழ் வருகிறது என்று பார்ப்பது. துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. ஊராட்சி ஒன்றிய அளவில் வட்டார மருத்துவ அலுவலரும், மாவட்ட அளவில் மாவட்ட சுகாதார அலுவலரும் பொறுப்பு. குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி அரசு மருத்துவமனைகளும் தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் தலைமை மருத்துவமனையும் மருத்துவ மற்றும் ஊரக நலப் பணிகள் துறைக்குச் சொந்தம். மாவட்டத்தில் அதற்கு இணை இயக்குநர் இருக்கிறார். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வித் துறையுடையது, அங்கே பதில் சொல்ல வேண்டியவர் டீன். ஆசாரிப்பள்ளத்துக் குறையை இணை இயக்குநருக்கு எழுதினால் மனு மேசை மேசையாகச் சுற்றும், மாதங்கள் ஓடிவிடும்.

மருந்துப் பற்றாக்குறையில் மூன்று இடங்களைச் சோதிக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. மாநிலத்துக்கே மொத்தமாக மருந்து வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் உண்டு, அதில் உள்ள தொகைக்குள்தான் மருந்து எடுக்க முடியும். நிலையம் இன்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) போடவே இல்லை என்றால் பிழை நிலையத்துடையது. போட்டும் கிடங்கில் சரக்கு இல்லை என்றால் கழகம் பதில் சொல்ல வேண்டும். சரக்கு இருந்தும் பாஸ்புக்கில் தொகை தீர்ந்திருந்தால், நோயாளிகள் பெருகியும் ஒதுக்கீட்டை உயர்த்தாத துறையும் அரசும்தான் காரணம். இந்த மூன்றையும் பிரிக்காமல் ‘மருந்து இல்லை’ என்று மட்டும் மனு எழுதினால், ‘போதிய இருப்பு உள்ளது’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள்.

டாக்டர் இல்லாத நிலையத்தில் கேட்க வேண்டியது: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, மாற்றுப்பணிக்குப் போனவர் எத்தனை. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஏட்டில் இடம் நிரம்பியிருக்கும், ஆள் வேறு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பார். காலியிடம் என்றால் 2012-இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு எந்தத் தேதியில் தெரிவித்தார்கள் என்று கேளுங்கள். தெரிவிக்கவே இல்லை என்றால் பந்து துறையின் பக்கம். தெரிவித்து வருடம் கடந்தும் ஆள் வரவில்லை என்றால் வாரியத்தையும் அரசையும் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் கருவி 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரிவு 6(1)-இன் கீழ் வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘ஏன் மருந்து இல்லை’ என்று கேட்காதீர்கள். சட்டம் ஆவணத்தில் இருப்பதைத்தான் தரும், விளக்கம் தராது. ‘கடந்த 12 மாதங்களில் மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்) மாத்திரைக்கான இன்டென்ட், வரவு, இருப்புப் பதிவேட்டின் நகல்’ என்று கேளுங்கள். ஒரு மனுவில் ஒரு நிலையம், நான்கைந்து கேள்வி போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். நாள் தவறுவதில்தான் பலரும் தோற்கிறார்கள். தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்.

பணத்தின் கணக்கு மேலே இருக்கிறது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொது சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன, ஆகவே முதல் கடமை மாநில அரசுடையது. ஒன்றிய அரசும் தப்ப முடியாது: 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025-க்குள் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்க வேண்டும் என்றது. மாநிலங்கள் 2020-க்குள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் செலவிட வேண்டும் என்றும் சொன்னது. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் (NHM) நிதியில் ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்று பங்கிடுகின்றன, எந்தப் பங்கு தாமதமானது என்றும் கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரிகளும் பணம் பெறுகின்றன. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதையும் கேளுங்கள், ஆஸ்பத்திரி மேம்பாட்டுக்கு அது நல்ல வழி.

பதில் கையில் வந்ததும் கிராம சபையில் வையுங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நாட்களில் சபை கூடும். ‘எங்கள் நிலையத்தில் இத்தனை இடம் காலி, இந்தத் தேதியிலிருந்து’ என்று எண்ணோடும் தேதியோடும் தீர்மானம் எழுத வையுங்கள். கூட்டம் முடிவதற்குள் பதிவேட்டில் ஏறியதா என்று நேரில் பாருங்கள், வாய்மொழியாக ஒப்புக்கொண்டது பிறகு எங்கும் இருக்காது. அந்தத் தீர்மானத்தின் நகலை ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.