பிள்ளை போதைப்பழக்கத்தில் சிக்கினால்: பினாங்குப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை போதைப்பொருளைத் தொட்டிருக்கலாம் என்ற சந்தேகம் எழும் நாளுக்கும், பெற்றோர் முதன்முதலாக வெளியில் உதவி கேட்கும் நாளுக்கும் இடையே பல குடும்பங்களில் மாதக்கணக்கான இடைவெளி விழுந்துவிடுகிறது. உறவினருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், அக்காளுக்கு மாப்பிள்ளை தேடும் நேரத்தில் இப்படி ஒரு பேச்சு கிளம்பலாமா என்ற அச்சமே பெரும்பாலும் அதற்குக் காரணம். நண்பர்களோடு ஒருமுறை தொட்டுப் பார்ப்பதாகத் தொடங்குவது வாரக் கடைசிப் பழக்கமாகி, பின்னர் உடலே கேட்கும் தேவையாக மாறுகிறது. முதல் இரண்டு நிலைகளில் பிள்ளையை மீட்பது மூன்றாம் நிலையைவிடப் பலமடங்கு எளிது. ஆகையால் பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அந்த இடைவெளியைக் குறைப்பதுதான்.

எதைக் கவனிக்க வேண்டும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். ஷாபு எனப்படும் மெத்தம்பெட்டமின் எடுப்பவன் இரண்டு மூன்று இரவுகள் தூங்காமல் சாப்பாட்டையும் மறந்து சுறுசுறுப்பாக இருப்பான். பிறகு ஒரு நாள் முழுக்க எழுப்ப முடியாதபடி தூங்குவான். எடை சட்டென்று குறையும். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று ஐயப்படத் தொடங்குவான். கஞ்சாவில் கண் சிவக்கும், நினைவும் ஊக்கமும் மங்கும். கெடா, பினாங்கு, பெர்லிஸ் வட்டாரத்தில் தாராளமாக வளரும் கெத்தும் மரத்தின் இலையைக் காய்ச்சி, இருமல் மருந்தும் குளிர்பானமும் கலந்து குடிக்கும் பழக்கத்தைப் பலர் 'வெறும் இலைத் தண்ணீர்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த இலையிலுள்ள மித்ராகைனின் என்னும் பொருள், அபின் வகை மருந்துகள் வேலை செய்யும் அதே இடங்களில்தான் மூளையில் செயல்படுகிறது. தொடர்ந்து குடித்தவன் நிறுத்தினால் உடல்வலி, மூக்கொழுகல், தூக்கமின்மை, எரிச்சல் ஆகியவை வரும். 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருளும் ஆகும். பசை முகர்வது இன்னும் இளைய பிள்ளைகளிடம் காணப்படுகிறது. உதட்டைச் சுற்றிப் புண்ணும் துணியில் கரைப்பான் வாடையும் அதற்கு அடையாளம். முதல் முறையிலேயே இதயத் துடிப்பு தடுமாறி உயிர் போகக்கூடும் என்பதால், அதை மற்றவற்றைவிடச் சிறியதாக எண்ணக்கூடாது. வேப் எனப்படும் மின்சிகரெட் கருவியின் திரவத்திலும் செயற்கைப் போதைப்பொருள் கலந்து விற்கப்படுகிறது. அதில் வாசனையை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இவற்றில் ஒன்று மட்டும் தெரிந்தால் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பதின்ம வயதில் தூக்கமும் மனநிலையும் மாறுவது இயல்பு. பழைய நண்பர்களை விட்டு விலகுதல், பள்ளிக்கு மட்டம் போடுதல், வீட்டில் பணமோ நகையோ காணாமல் போதல் ஆகியவையும் சேர்ந்து வரும்போதுதான் சந்தேகம் வலுப்படுகிறது.

அடுத்ததாக, அந்த முதல் பேச்சு. இதற்குத்தான் அதிக நேரமும் பொறுமையும் தேவை, ஏனெனில் இது கெட்டுப்போனால் அடுத்த வாய்ப்புக்கு நீண்ட நாள் காத்திருக்க நேரிடும். பிள்ளை போதையில் இருக்கும்போதோ, அப்பா பன்னிரண்டு மணி நேர இரவு வேலை முடிந்து களைப்போடு வந்து நிற்கும்போதோ பேசக்கூடாது. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டார் என்று கூட்டம் சேர்த்து நடுவில் நிறுத்தி விசாரிப்பதும் வேண்டாம். அங்கே பிள்ளை கற்றுக்கொள்வது பொய் சொல்ல மட்டுமே. பெற்றோரில் யாரிடம் அவன் கொஞ்சமாவது மனம் விட்டுப் பேசுவானோ அவர் தனியாகப் பேசட்டும். காரில் போகும்போது பேசுவது பலருக்குக் கைகொடுக்கிறது, நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால். குற்றச்சாட்டில் தொடங்காமல், கண்ணால் கண்டதில் தொடங்குங்கள்: “தம்பி, ரெண்டு வாரமா நீ ராத்திரி தூங்கறதே இல்ல, சாப்பாடும் இறங்கல. எனக்குப் பயமா இருக்கு. என்னன்னு சொல்லு, நான் கத்தமாட்டேன்.” இப்படிச் சொன்ன பிறகு உண்மையிலேயே கத்தாமல் இருக்க வேண்டும். அவன் சொல்லும் முதல் பதில் பாதி உண்மையாகத்தான் இருக்கும். 'ஒரு தடவைதான்' என்பான். அதை உடைக்க முயலாமல் கேட்டுக்கொண்டு, என்ன பொருள், யாரோடு, எதற்காக என்று மெல்லக் கேளுங்கள். 'எதற்காக' என்பதற்கான பதில்தான் சிகிச்சைக்கும் வழிகாட்டும்: படிப்பில் பின்தங்கிய அவமானமா, வீட்டில் நடக்கும் சண்டையா, தூக்கம் வராத மனச்சோர்வா, கூட்டாளிகளிடம் சேர்ந்துகொள்ளும் ஆசையா என்பது தெரியாமல், பொருளை மட்டும் பிடுங்கினால் இன்னொரு பொருள் அந்த இடத்தைப் பிடிக்கும்.

அடிப்பதும் அறையில் பூட்டுவதும் தலையை மொட்டையடிப்பதும் எந்தப் போதையையும் தீர்த்ததில்லை. வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைப்பதும் பெரும்பாலும் சிக்கலை இடம் மாற்றுவதாகவே முடிகிறது.

உதவிக்கு எங்கே போவது? பள்ளியில் இருக்கும் பிள்ளையென்றால் ஆலோசக ஆசிரியரிடம் பேசலாம். அரசாங்கச் சுகாதார நிலையத்தின் மருத்துவர் பரிசோதித்து, மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். ஷாபுவோடு மனச்சோர்வோ மருட்சியோ சேர்ந்திருந்தால் இந்த வழியே சிறந்தது என்பது என் கருத்து. ஏஏடிகே எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் மாவட்டந்தோறும் அலுவலகம் வைத்திருக்கிறது. தாமாக முன்வருவோருக்கென அது 2010 முதல் கியூர் அண்ட் கேர் கிளினிக்குகளை நடத்திவருகிறது. 1983-ஆம் ஆண்டின் போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம், ஒருவர் தாமே சிகிச்சை கேட்டு விண்ணப்பிக்க இடமளிக்கிறது. வயது குறைந்த பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். பிடிபட்ட பிறகு போவதற்கும் தாமாகப் போவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் உணர வேண்டும். 1952-ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொண்டதற்கே 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குச் செல்லும். 'இந்தப் பொட்டலத்தை அங்கே கொடுத்துவிட்டு வா' என்று யாராவது பிள்ளைக்குப் பணம் தருவதாகத் தெரிந்தால், அது உட்கொள்ளும் குற்றத்தைத் தாண்டிக் கடத்தல் குற்றமாகிவிடும். அந்தத் தொடர்பை அன்றைக்கே அறுத்துவிட்டு, வழக்கறிஞர் ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

சிகிச்சையைப் பற்றி எதிர்பார்ப்பு சரியாக இருக்க வேண்டும். ஹெராயின் போன்ற அபின் வகைப் பழக்கத்துக்கு மெத்தடோன் மருந்து உண்டு. மலேசியாவில் அத்திட்டம் 2005-இல் தொடங்கியது, பெரும்பாலும் வயது வந்தோருக்கானது. ஷாபுவுக்கு அப்படியொரு அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து இல்லை. முறையான ஆலோசனை அமர்வுகள், குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சை, அன்றாட ஒழுங்கு ஆகியவையே அதற்கு மருந்து. ஆகவே 'ஏழு நாளில் குணம்' என்று விளம்பரம் செய்யும் எந்த இடத்தையும் நம்பாதீர்கள். தனியார் மறுவாழ்வு மையத்தைத் தேர்ந்தெடுப்பதானால் அனுமதி உள்ளதா, மருத்துவர் வருகிறாரா, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் பிள்ளையைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயக்கம் தெரிந்தால் அங்கே சேர்க்கவேண்டாம்.

நிறுத்திய முதல் சில வாரங்களில் ஷாபு எடுத்தவன் தூங்கித் தள்ளுவான், பசியாவான், பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் சோர்ந்து கிடப்பான். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டவேண்டாம். மூளை மெல்லச் சீரடைகிறது, அதற்கு மாதங்கள் ஆகும். அந்தச் சோர்வில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரலாம். அப்படி ஒரு சொல் காதில் விழுந்தால் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணும், அரசாங்கத்தின் தாலியான் காசே 15999 என்ற எண்ணும் இரவு பகலாக இயங்குகின்றன. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து, எழுப்பியும் எழாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 999-ஐ அழைக்க வேண்டும். அபின் வகை எடுத்தவன் சில வாரம் நிறுத்தியபின் பழைய அளவையே எடுத்தால், உடல் தாங்காமல் இறக்கும் ஆபத்து முன்பைவிடக் கூடுதல் என்பதைப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள்.

நம் குடும்பங்களில் விரதத்துக்கும் வேண்டுதலுக்கும் உள்ள இடத்தை நான் மதிக்கிறேன். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதமிருந்து தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்த பிள்ளை அந்நாள்களில் சுத்தமாக இருந்தது உண்மையான சாதனை. ஆனால் விரதம் முடிந்த மறுநாளே ஆலோசனை அமர்வுகளையும் நிறுத்திவிடுவது பெருந்தவறு, ஏனெனில் கட்டுப்பாடு தளரும் அந்த வாரத்தில்தான் பழைய நண்பர்கள் தேடி வருகிறார்கள். மீண்டும் ஒருமுறை தொட்டுவிட்டால் எல்லாம் பாழானதாக எண்ணாதீர்கள். என்ன நடந்தது, யாரைப் பார்த்தான், அன்று எதனால் மனம் கலங்கியிருந்தது என்று ஆலோசகரோடு உட்கார்ந்து பேசி, அந்த ஓட்டையை அடைக்கப் பாருங்கள். போதைப் பழக்கமுள்ள பழைய நண்பர்களின் எண்களை நீக்குவது, கையில் மொத்தமாகப் பணம் கொடுக்காமல் அன்றன்றைக்குக் கொடுப்பது, மாலையில் காற்பந்து, சிலம்பம், தொழிற்பயிற்சி என்று ஏதேனும் ஒன்றில் சேர்ப்பது ஆகியவை கண்காணிப்பைவிட நெடுநாள் உதவும்.

வீட்டில் தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களிடம் மறைக்காமல், வயதுக்கேற்பச் சொல்லிவிடுங்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு மாறும் 13 வயதும், இடைநிலைப்பள்ளி இறுதியில் எஸ்பிஎம் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களும் பிள்ளைகள் தடுமாறும் காலங்கள். முன்னதில் மொழியும் நட்பும் புதிது, பின்னதில் நேரமும் முதல் சம்பளப் பணமும் கையில் இருக்கும். பள்ளி முடிவதற்கும் பெற்றோர் பாயான் லெப்பாஸ், பிறைத் தொழிற்சாலைகளிலிருந்து வீடு திரும்புவதற்கும் இடையில் பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு பதில் இருக்க வேண்டும். 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் (852-ஆம் சட்டம்) 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வேப் விற்பதைத் தடை செய்கிறது. இதைச் சொல்லியும் விற்கும் கடையைப் புகாரிடத் தயங்கவேண்டாம். மறுக்கும் வார்த்தையையும் வீட்டிலேயே பழக்குங்கள். 'எங்கம்மா திடீர்னு சோதனைக்குக் கூட்டிட்டுப் போவாங்க' என்று பழியை உங்கள் மேல் போட்டுவிட்டு அவன் நழுவட்டும். இக்கட்டில் இருக்கும்போது அவன் உங்களுக்கு அனுப்ப ஒரு சொல்லை முன்கூட்டியே பேசிவையுங்கள். அது வந்ததும் நீங்களே அழைத்து, பாட்டிக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று கூப்பிட்டுக்கொள்ளலாம். வந்த பிறகு அன்றிரவு எந்தக் கேள்வியும் கேட்காமல் சாப்பாடு போட்டுத் தூங்க வையுங்கள்; பேச வேண்டியதை மறுநாள் பேசிக்கொள்ளலாம்.